காகித மாவிலைத் தோரணம்

அத்தியாயம் ஒன்பது

"எந்நேரமும் ஒருத்திக்குக் கோபம் வருமா? உங்கள் புஷ்பவல்லிக்கு வேறு குணமே கிடையாதா?" என்று காஜாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். கிடையாது அம்மா. பதினோரு வருஷம் கரிப்புகை படிந்த சுவருக்குள் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளை வளர்த்துப் பாருங்கள். உங்களுக்கும் வேறு குணம் இருக்காது.

சென்ற வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1931ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கிள்ளானிலிருந்து நாத்தனார் மாரியாயி வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் கம்பெனி வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிற இருப்பைப் பார்த்தாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்த முதுகைத் தட்டிக்கொண்டே எழுந்தாள்.

"எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்ல இதைவிட வெளிச்சம் இருக்கு அண்ணி. சீதாவை என்கூட அனுப்புங்களேன். பொண்ணு கொஞ்ச நாளாச்சும் வெளிச்சத்துல வளரட்டும்."

சீதா என்ற சீதாலெட்சுமி, புஷ்பவல்லிக்கு ஒரே மகள். பதினாலு வயது. அத்தை சொன்னதைக் கேட்டதும் அவள் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அன்று மாலை கணவன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த வீட்டுல நாம இருக்கப்போறோமா, மாட்டோமா?"

கணவன் சின்னையா பக்கத்திலிருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடிப்பவன். வீடும் அந்தக் கம்பெனி கொடுத்ததுதான்.

"ஏன் கேக்குறே?"

"இருக்கப்போறோம்னா சுவரையும் தரையையும் நானே சரி பண்ணிடறேன். கம்பெனி பண்ணும் கம்பெனி பண்ணும்னு பதினோரு வருஷம் பார்த்தாச்சு. போகப்போறோம்னா எனக்கு எதுக்கு அந்தப் பாடு? அதனாலதான் கேக்குறேன்."

சின்னையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வெகுநேரம் பிசைந்தான். பிறகு, "பண்ணு" என்றான்.

அந்த ஒரு சொல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

காசில்லாமல் வீட்டை எப்படி அழகாக்குவது என்று கேட்பவர்கள் புஷ்பவல்லியிடம் கேட்கலாம். ஆனால் முதுகுவலித் தைலத்தையும் கூடவே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சுவர். தேங்காய்ச் சிரட்டையை உடைத்து, அதன் விளிம்பால் கரியைச் சுரண்டினாள். இரண்டு நாள் சுரண்டியதில் அவளும் மகளும் கறுப்பாகி, சுவர் கொஞ்சம் வெளுத்தது. சீனன் கடையில் சுண்ணாம்புக் கல் வாங்கி மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது கொதித்து அடங்கியதும் துணியில் வடிகட்டினாள். ஒரு கை உப்பு, இரண்டு சிரட்டை கஞ்சி. அப்போதுதான் சாய்கிறவர்கள் முதுகில் ஒட்டாது. துணிக்குப் போடும் நீலத்தைக் கந்தலில் முடிந்து அந்தத் தகரத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றினாள். பிரஷ்ஷுக்குத் தேங்காய் மட்டையைக் கல்லில் நசுக்கினாள்; நார் பிரிந்து வந்தது.

முதல் பூச்சு காய்ந்த காலையில் சீதா கூடத்தின் நடுவில் நின்று, "அம்மா, நம்ம வீட்டுக்கு ஜன்னல் இருக்கும்மா!" என்று கத்தினாள். ஜன்னல் எப்போதும் இருந்ததுதான். அதன் வெளிச்சம் விழ ஓர் இடம் இல்லாமல் இருந்தது.

அப்புறம் கரை. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் காவியில் தொட்டு, இடுப்புயரத்துக்கு வரிசையாக ஒற்றினார்கள். ஒவ்வொரு ஒற்றுக்கும் ஒரு பூ. கூடத்தைச் சுற்றிவர முந்நூற்றுச் சொச்சம் பூ. பதினேழு வெண்டைக்காய் ஆனது. குழம்பில் போடவேண்டியதைச் சுவரில் தேய்க்கிறாயா என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுநாளே வெண்டைக்காயும் கையுமாக வந்து, "காவி எவ்வளவு, தண்ணி எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. இடுக்கு இடுக்காக, கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தும் பலகை. அதற்குக் காகிதம் ஒட்டவேண்டும். பரணில் சின்னையா சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டு கிடந்தது. பட்டறை ஆபீஸில் படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பர்தான் அதில் பாதிக்கு மேல். அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அதை இறக்கினாள். மாவுப் பசை காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்து, படம் போட்ட பக்கங்களாகப் பார்த்து ஒட்டினாள். சோப்பு விற்கும் சீமாட்டி, தொப்பி போட்ட துரை, புகை விடும் கப்பல்.

கட்டுக்கு நடுவில் தடித்த வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. மடித்து வைத்திருந்த தாள். இங்கிலீஷில் அச்சடித்த எழுத்து. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, மகளுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். தாள் நல்ல தாளாக இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். மேல்பாதியைக் கத்தரித்து, வாசலோரம் எலி கடித்திருந்த ஓட்டையின் மேல் இரட்டைப் பசை போட்டு ஒட்டினாள். கீழ்ப்பாதியைப் பதினோரு மாவிலைகளாக வெட்டினாள். எழுத்தில்லாத பக்கத்துக்குப் பாண்டான் இலைச் சாறு பூசிப் பச்சையாக்கி, நூலில் கோத்து, உள்ளறை நிலையில் தோரணமாகக் கட்டினாள்.

கடைசியாகத் தரை. பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கா பஞ்சம்? பழைய சூளைக் குழியில் உடைசல் பொறுக்கி வந்து இடித்து, கிழிந்த வேட்டியில் சலித்து, சுண்ணாம்பும் வெல்லத் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டுப் பிசைந்தாள். பொரிந்த சிமிண்டின் மேல் அதைப் பரப்பி, ஆற்றுக் கூழாங்கல்லால் தேய் தேய் என்று தேய்த்தாள். காய்ந்த பிறகு பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, துளி எண்ணெய் விட்டு, சீதா ஆடிக்கொண்டே மெருகேற்றினாள். சிவப்பாக, முகம் தெரிகிற தரை வந்தது.

வாசலை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு தீர்ந்துபோய் மிச்சம் நின்றது.

*

செப்டம்பர் பதினெட்டு, புரட்டாசி முதல் வெள்ளி. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி, வரிசை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பதென்று புஷ்பவல்லி முடிவு செய்திருந்தாள். கிள்ளானுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். மாரியாயி வந்து முதுகைச் சாய்த்துப் பார்க்கட்டும்.

காலையில் ஒரு சண்டை. காரணம் ஒரு காலண்டர்.

பத்து நாளைக்கு முன், தடுப்பில் பேப்பர் ஒட்டி முடித்த மறுநாள், சின்னையா மஸ்ஜித் இந்தியா துணிக்கடை ஒன்றிலிருந்து முருகன் காலண்டர் வாங்கி வந்தான். வீட்டுக்கு ஓர் ஆணி வாங்காத மனிதன் காலண்டர் வாங்கி வந்ததில் அவள் மனசு குளிர்ந்துதான் போனது. ஆனால் அவன் அதை மாட்டிய இடம்! நட்டநடுவில் இவ்வளவு இடம் இருக்க, வாசலோரத்தில், முழங்கால் உயரத்தில், எலி ஓட்டையை அடைத்த இடத்தில் ஆணி அடித்திருந்தான்.

"முருகன் என்ன எலிக்குக் காவலா? எடுத்து நடுவுல மாட்டப்போறேன்" என்றாள் புஷ்பவல்லி.

"அங்கேயே இருக்கட்டும்."

"கால் படுற இடத்துலயா சாமி படம்?"

"அங்கேயே இருக்கட்டும்னு சொல்றேன்ல!"

சின்னையா சத்தம் போட்டுப் பேசுகிறவன் அல்ல. பட்டறையிலேயே சத்தத்தையெல்லாம் தீர்த்துவிட்டு வருகிறவன். அவன் கத்தியதும் சீதா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? நான் என்ன உங்களை இறக்கி வேற இடத்துல மாட்டுறேன்னா சொன்னேன்?" என்றாள் புஷ்பவல்லி.

ஏழு மணிச் சங்கு ஊதியது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், வாசலில் நின்று அந்தக் காலண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவள் செய்த முதல் வேலை காலண்டரைக் கழற்றியதுதான். "என் வீட்டுச் சுவர். நான் சுரண்டின சுவர்" என்று சொல்லிக்கொண்டே ஆணியைப் பிடுங்கி, நடுவில் அடித்து, முருகனை உரிய உயரத்துக்கு ஏற்றினாள். பிறகு புதுச் சுண்ணாம்பைக் குழைத்து, நண்பகலுக்குள் வாசலோர முழத் தரையைப் பூசி முடித்தாள். நாளைக் காலைவரை அதில் கால் படக்கூடாது. வருகிறவர்களெல்லாம் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்று சீதா வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

*

நாலரை மணிக்கே முதலில் வந்தவர் எதிர்வரிசைக் கார்த்திகேசு கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், வேறோர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், மரியாதைப்பட்டவர். மனைவி சமைத்துக்கொண்டிருப்பதால் பிறகு வருவாள் என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் பின்வாசலில் கழற்றினார்.

"சும்மா சொல்லக் கூடாது பிள்ளை, வீடு நல்ல வடிவாக் கிடக்கு. இந்தப் பூவெல்லாம் ஆர் கீறினது?"

"வெண்டைக்காய் கீறினதுங்க கிராணி ஐயா" என்றாள் சீதா. மூவரும் சிரித்தார்கள். அன்று அந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

பேப்பர் ஒட்டிய சுவர் இருக்கும் வீட்டுக்கு யார் போனாலும் ஒரு பழக்கம் உண்டு. காப்பி வருகிறவரை சுவரைப் படிப்பார்கள். கிராணியும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சோப்புச் சீமாட்டியைப் படித்தார், கப்பலைப் படித்தார், கழுத்தைச் சாய்த்துத் தலைகீழாக ஒட்டியிருந்த துரையையும் படித்தார். படித்துக்கொண்டே வாசலோரம் போனவர், ஈரத் தரையை மிதிக்காமல் ஒதுங்கி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"காப்பிங்க ஐயா."

"இது ஆரின்ர கடிதம், பிள்ளை?"

"கடிதமா? அது எலி ஓட்டைக்கு ஒட்டினதுங்க."

"இதில சின்னையாவின்ர பேர் கிடக்கு."

புஷ்பவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன போட்டிருக்கு? படிங்க."

"அவர் வந்த பிறகு அவரிட்டையே கேளுங்கோவன். எனக்குச் சொல்லக் கஷ்டமாக் கிடக்கு."

"என் சுவத்துல இருக்குறதை எனக்குச் சொல்ல என்ன கஷ்டம்? படிங்க ஐயா."

அவர் படித்துத் தமிழில் சொன்னார். ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி போட்ட கடிதம். தொழில் மந்தமாகிவிட்டதால் பட்டறையில் ஆள் குறைக்கிறார்கள். சின்னையாவின் வேலை செப்டம்பர் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அன்றைக்கே வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"எங்க வீட்டையா?" என்று கேட்டாள் சீதா.

புஷ்பவல்லி விரலை மடக்கினாள். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு திங்கட்கிழமை. மாரியாயி வந்தது வெள்ளிக்கிழமை. சோற்றைப் பிசைந்து பிசைந்து "பண்ணு" என்றானே, அப்போது இந்தத் தாள் பரணில், அவன் தலைக்கு நேர்மேலே இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைக் கேட்டிருக்கிறோம். ஒரு வீட்டையே சோற்றில் மறைத்தவனை அன்றுதான் அவள் கண்டாள்.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது சிரட்டைதான். இவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சுரண்டும்போது பார்த்தான். செங்கல் இடிக்கும்போது, "கையைப் பார்த்து இடி" என்றுகூடச் சொன்னான். இரவில் அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டான்! தேய்த்த கையை வெட்டிப் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

"இன்னும் இருக்கா?"

"ரெண்டு வழி குடுத்திருக்கினம். அதில ஒண்டைத் தெரிஞ்செடுத்து எழுதித் தரச் சொல்லிக் கிடக்கு. முதலாவது..." கிராணி தாளின் விளிம்பைத் தடவினார். "இதோட கத்தரிச்சாச்சு. மிச்சம் எங்க?"

புஷ்பவல்லி திரும்பினாள். சீதாவும் திரும்பினாள். உள்ளறை நிலையில் பதினோரு பச்சை மாவிலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

*

சீதா முக்காலி போட்டு ஏறித் தோரணத்தை அவிழ்த்தாள். நூலை உருவி, இலைகளைப் பச்சை கீழே போகும்படி கோணிப்பாயில் பரப்பினாள். கிராணி முழங்கால் போட்டு உட்கார்ந்து இலைக்கு இலை பொருத்தினார். ஐந்தாவது இலை மூன்றாவதாயிற்று. எட்டாவது இலை தலைகீழாக இருந்தது. இலைக்கும் இலைக்கும் இடையில் கத்தரித்து எறிந்த துண்டுகள் என்றோ அடுப்புக்குப் போய்விட்டன. அவற்றில் இருந்த சொற்களை அவர் ஊகித்துக்கொண்டார்.

"முதலாவது வழி, ஈப்போவில இருக்கிற சின்னப் பட்டறையில வேலை. சம்பளம் குறைவு. வீடு குடுப்பினமாம்."

"வீடு குடுப்பாங்களா?"

"ஓம். ரெண்டாவது வழி, கம்பெனிச் செலவில உங்கட ஊருக்குக் கப்பல் டிக்கெட். தொழிலாளிக்கும் அவர் எழுதித் தாற குடும்ப ஆக்களுக்கும். செப்டம்பர் அஞ்சுக்குள்ள பதில் குடுக்க வேணும்."

இன்று பதினெட்டு.

"பதில் குடுக்கலேன்னா?" என்றாள் புஷ்பவல்லி. அந்த நிமிஷத்தில் அவள் மனசு ஈப்போவுக்கே போய்விட்டது. நாளைக் காலை முதல் ரயிலில் போய் அந்தப் பட்டறைத் துரையின் காலில் விழுந்தால் ஆகாதா? ஈப்போவிலும் சுவர் இருக்கும். அங்கேயும் கரி இருக்கும். சுரண்டிக்கொள்ளலாம்.

கிராணி பதினோராவது இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதின்ர அடியைப் பாரும் பிள்ளை. இது உம்மட கத்தரிக்கோல் வெட்டோ?"

அவள் வாங்கிப் பார்த்தாள். இலையின் இரண்டு பக்கமும் அவள் வெட்டு, வழவழப்பாக. நுனி மட்டும் அரும்பு அரும்பாக, நேர்கோட்டில் கிழிந்திருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்த கிழிசல்.

"இல்லை. நான் எடுத்தப்பவே அடி இப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் நுனிக்கு வச்சேன்."

"அப்ப, கீழ ஒரு துண்டு இருந்திருக்கு. எந்த வழி, எத்தினை டிக்கெட் எண்டு நிரப்பி, கையெழுத்து வச்சுக் குடுக்கிற துண்டு. அது குடுத்தாச்சு போலதான் கிடக்கு."

கிராணி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். காப்பி அப்படியே ஆறிப்போயிருந்தது. "நான் பிறகு வாறன்" என்று சொல்லிப் பின்வாசல் பக்கம் நடந்தவர், நின்று, "அந்தாள் கெட்டவர் இல்லை, பிள்ளை" என்றார்.

"கெட்டவனா இருந்தா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும் ஐயா" என்றாள் புஷ்பவல்லி.

அவர் போனதும் அவள் சொன்னாள், "சீதா, பின்கதவைத் தாழ்ப்பாள் போடு."

"விளக்கேத்த ஆளுங்க வருவாங்களேம்மா."

"போடுடி."

*

ஐந்து மணிச் சங்கு ஊதி, பத்து நிமிஷத்தில் சின்னையா வாசலுக்கு வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். விளக்குக்கு வாங்கியது. உள்ளே வரக் கால் தூக்கியவன் ஈரத் தரையைக் கண்டு நிறுத்திக்கொண்டான். பின்வாசலுக்குத் திரும்பினான்.

"பின்கதவு தாழ் போட்டிருக்கு. அங்கேயே நில்லுங்க" என்றாள் புஷ்பவல்லி.

ஈரத் தரைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். அவள் கைக்குள் பதினோரு காகித இலைகள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசலோரச் சுவரைப் பார்த்தான். காலண்டர் இல்லை. ஆணி பிடுங்கிய ஓட்டை மட்டும் இருந்தது.

"யார் படிச்சா?" என்றான்.

"பார்த்தியாடி சீதா? என்ன எழுதியிருக்குன்னு கேக்கலை. யார் படிச்சான்னுதான் கேக்குறாரு. அப்படின்னா இதை நான் ஒட்டினப்பவே பார்த்திருக்கீங்க. பார்த்துட்டுத்தான் முருகனைக் கொண்டாந்து முழங்கால் உயரத்துல மாட்டினீங்க. பொய்க்குக் காவல் நிக்க உங்களுக்கு வேற சாமி கிடைக்கலையா?"

"புஷ்பம், கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? முப்பதாம் தேதி எல்லாருக்கும் தெரியப்போறதுதானே! நான் கேட்டேன். இருக்கப்போறோமா மாட்டோமான்னு வாயைத் திறந்து கேட்டேன். போகப்போறோம்னா எனக்கு எதுக்கு அந்தப் பாடுன்னும் சொன்னேன். என்ன சொன்னீங்க?"

சின்னையா வாழைப்பழத்தைக் கை மாற்றினான்.

"என்ன சொன்னீங்க?"

"பண்ணுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"உன் முகத்துல அன்னைக்கு ஒரு சந்தோஷம் இருந்துச்சு. பதினோரு வருஷமா நான் அதைப் பார்த்ததில்லை. கெடுக்க மனசு வரலை."

இந்தப் பதிலைக் கேட்டு உருகுகிற வாசகிகள் இருப்பார்கள். புஷ்பவல்லி உருகவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"என் சந்தோஷம் சுவத்துல இருக்குன்னு நினைச்சீங்களா? நான் இருக்கப்போறேன்னு நினைச்சேனே, அதுலதான் இருந்துச்சு. அந்தக் கடுதாசியை என்கிட்ட காட்டியிருந்தா, ஈப்போன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். கரி சுரண்டத் தெரிஞ்சவளுக்கு எந்த ஊரா இருந்தா என்ன? என்னைக் கேக்காம எந்த வழிக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஊருல அண்ணன் நிலம் இருக்கு. இங்க இனிமே வேலை இல்லை புஷ்பம். ஈப்போவுலயும் எத்தனை நாளைக்கு? ஊருக்குப் போயிட்டா..."

"அப்ப கப்பலுக்குத்தான் போட்டிருக்கீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வரிசை வீடுகளில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி விளக்குக்கு வைக்கப் பூவோடு வெளியே வந்து, இவர்களைப் பார்த்ததும் பூவோடு உள்ளே போய்விட்டாள்.

புஷ்பவல்லி கையிலிருந்த இலைகளில் கடைசி இலையை எடுத்தாள். கிழிந்த நுனியை அவனுக்குக் காட்டினாள்.

"இதுக்குக் கீழ இருந்த துண்டுல எத்தனை பேருன்னு எழுதணுமாம். எத்தனை டிக்கெட் எழுதினீங்க?"

சின்னையா தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எத்தனை டிக்கெட்?"

"உள்ள வந்து சொல்றேன்..."

அவன் தன்னையறியாமல் காலை எடுத்து வைத்துவிட்டான். சம்மட்டி அடிக்கிற ஆளின் கனம். வலது கால், விரலிலிருந்து குதிகால்வரை, அவள் காலை முழுக்கத் தேய்த்த சிவப்பில் அமுங்கியது. சேறு விரலிடுக்கில் பிதுங்கி வந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

"ரெண்டு" என்றான்.

சீதாலெட்சுமி அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அப்பா, அம்மா, நான் என்று எண்ணினாள். வீட்டில் மூன்று பேர்தான். எண்ணி முடித்ததும், போன மாதம் அத்தை காப்பி குடித்துக்கொண்டே சொன்னது அவள் காதில் மறுபடி விழுந்தது. பொண்ணு கொஞ்ச நாளாச்சும் வெளிச்சத்துல வளரட்டும்.

"அப்பா," என்றாள். "நான் கிள்ளானுக்கா?"

சின்னையா மகளைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புஷ்பவல்லிக்கு அதற்குமேல் ஒரு வார்த்தைகூடக் கேட்கத் தேவைப்படவில்லை. மாரியாயி வெளிச்சத்தைப் பற்றிப் பேசியது சுவரைப் பார்த்து வந்த பேச்சல்ல, அண்ணனும் தங்கையும் முன்கூட்டியே பேசி வைத்த பேச்சு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் அரைமணியில் அந்த மாரியாயியே வரப்போகிறாள். வரட்டும். கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் காகித இலைகள் ஈரத் தரையில் உதிர்ந்தன.

"காலை எடுங்க" என்றாள்.

"புஷ்பம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"முப்பதாம் தேதிவரைக்கும் இது என் தரை. காலை எடுங்க."